மட்டம் பிசகினால் முதலில் கேபிளைப் பாருங்கள்

டேங்கில் உள்ள திரவத்தின் மட்டத்தைக் காட்டும் கெப்பாசிட்டிவ் லெவல் சென்சார் நேரடியாக மட்டத்தை அளப்பதில்லை. உள்ளே இறக்கிய உலோகத் தண்டுக்கும் டேங்க் சுவருக்கும் இடையே உள்ள மின்தேக்குதிறனை (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறனை) அளந்து, அதை மட்டமாக மாற்றிச் சொல்கிறது. நடுவில் வேறு எது புகுந்தாலும் அதுவும் மட்டக் கணக்கில்தான் சேரும்.

டேங்க் சுவரின் இடத்தில் 50 மி.மீ. உள்விட்டமுள்ள உலோகக் குழாய், அதற்குள் 12 மி.மீ. தண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றில் மீட்டருக்குச் சுமார் 39 பிகோஃபாரட் (மின்தேக்குதிறனின் மிகச் சிறிய அலகு) வரும். டைஎலக்ட்ரிக் மாறிலி (இடையில் உள்ள பொருள் மின்தேக்குதிறனை எத்தனை மடங்காக்கும் என்ற எண்) 2.1 உள்ள எண்ணெயில் 82. ஆக, 1 மீட்டர் மட்டம் முழுவதும் அந்த 43 பிகோஃபாரட் வித்தியாசத்துக்குள் அடங்கிவிடுகிறது. 1 பிகோஃபாரட் பிசகினாலே 23 மி.மீ. பிழை. தண்டுக்கும் அளக்கும் சர்க்யூட்டுக்கும் இடையே 3 மீட்டர் கோஆக்சியல் கேபிள் (நடுவில் உள்கம்பி, அதைச் சுற்றி ஷீல்டு என்ற உலோக உறை) ஓடினால், மீட்டருக்கு 100 வீதம் அதிலேயே 300 பிகோஃபாரட். வெயிலிலோ மடிப்பிலோ அது 1 சதவீதம் மாறினால் போதும், 7 செ.மீ. போயிற்று! சர்க்யூட்டைத் தண்டின் தலையிலேயே வைப்பது இதற்காகத்தான். முடியாவிட்டால், உள்கம்பியின் மின்னழுத்தத்தையே ஷீல்டுக்கும் கொடுத்து ஓட்ட வேண்டும்.

தண்ணீரில் தொல்லை வேறு. அதன் மாறிலி 20 டிகிரி செல்சியஸில் 80. 60 டிகிரியில் 67-க்கு இறங்கிவிடும். தூய நீரில், உறையில்லாத தண்டைக் குளிர்ந்த நிலையில் கேலிபரேட் செய்திருந்தால் (தெரிந்த மட்டத்தோடு ஒப்பிட்டு அளவை அமைத்திருந்தால்), சூடானதும் 1 மீட்டரை 83 செ.மீ. என்று காட்டும். அடியில் எப்போதும் மூழ்கியிருக்கும் குட்டி எலக்ட்ரோடு ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்தால் இதைச் சரிக்கட்டலாம். மின்சாரம் கடத்தும் திரவத்தில் டெஃப்லான் உறை போட்ட தண்டுதான் சரி. அங்கே உறைதான் டைஎலக்ட்ரிக், அதாவது இடையில் நிற்கும் மின்கடத்தாப் பொருள்; திரவத்தின் மாறிலி பெரிதாகத் தலையிடாது. ஆனால் உறையில் ஊசிமுனைத் துளை விழுந்தால் எல்லாம் போச்சு.

நிரப்பும்போது சரியாகக் காட்டி, காலி செய்யும்போது மட்டும் மேலே ஒட்டிக்கொண்டு நின்று, பிறகு மெல்ல இறங்குகிறதா? தண்டில் படிந்த படலம்தான் காரணம். கேலிபரேஷனைத் தொடாதீர்கள், தண்டைத் துடையுங்கள். படிவோடு கேலிபரேட் செய்தால், துடைத்த மறுநாள் பிழை எதிர்ப்பக்கம் திரும்பும்.

பிளாஸ்டிக் டேங்கில் கையை அருகே கொண்டுபோனாலே அளவு ஆடும். எதிர்முனையாக நிற்க உலோகச் சுவர் இல்லை. எர்த் செய்த இரண்டாவது தண்டு ஒன்றை முதல் தண்டுக்கு இணையாக, மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளியில் இறக்க வேண்டும்.