சய 121இன் வர்க்கமூலம்

உயர்தர வகுப்பில் எங்களுக்குத் தூய கணிதம் படிப்பித்த சேர், சிக்கலெண் (மறை எண்ணின் வர்க்கமூலமும் சேர்ந்து வரும் எண்) பாடத்தை வரைவிலக்கணத்தோடு தொடங்கவில்லை. ஓர் எண்ணின் கனம், அதே எண்ணின் 15 மடங்கோடு 4ஐக் கூட்டினால் வருவதற்குச் சமன், எண் என்ன என்று கேட்டார். பின்வாங்கில் இருந்தவர்களே 4 என்று கத்தினார்கள். நாலின் கனம் 64, அறுபதும் நாலும் 64, சரி. பிறகு இப்படியான கனச் சமன்பாடுகளுக்கு இத்தாலியக் கணிதர் கர்தானோ 1545இல் வெளியிட்ட சூத்திரத்தில் இதையே போட்டுச் செய்தார். பாதி வழியில் சய 121இன் (−121) வர்க்கமூலம் வந்து நின்றது. எதை வர்க்கித்தாலும் மறை எண் வராது என்றுதானே படித்திருந்தோம்!

சேர் விடவில்லை. 1572இல் இன்னோர் இத்தாலியக் கணிதர் பொம்பெல்லி செய்தது போல, அப்படியும் ஓர் எண் உண்டென்று வைத்துக்கொண்டு வழமையான விதிகளின்படி பெருக்கிக்கொண்டே போனார். விடையின் ஒரு பாதி இரண்டோடு சய ஒன்றின் வர்க்கமூலத்தைக் கூட்டியது, மறு பாதி இரண்டிலிருந்து அதையே கழித்தது. இரண்டையும் சேர்த்தால் அது வெட்டுப்பட்டு 4 மட்டும் மிஞ்சுகிறது.

"இல்லாத ஒண்டு எப்பிடித் தம்பிமார் இருக்கிற விடையைக் கொண்டுவந்து தரும்?" என்றார்.

என் பக்கத்தில் இருந்தவன் எழும்பி, "நாங்களே விதி போட்டு விளையாடுற சதுரங்கம் மாதிரித்தானே சேர் இதுவும்" என்றான். அவன் இப்போது மெல்பேர்னில், நான் ரொறன்ரோவில், கணிதம் நாங்கள் ஆக்கிய விளையாட்டா, ஏற்கெனவே இருக்கிற ஒன்றா என்று தொலைபேசியில் இன்றைக்கும் இதே சண்டைதான்.

குறியீடுகள் நாங்கள் ஆக்கியவை, எந்த விதியிலிருந்து தொடங்குவது என்பதும் எங்கள் விருப்பம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொடங்கிய பிறகு எங்கள் விருப்பம் செல்லாது. பொம்பெல்லி எவ்வளவு ஆசைப்பட்டிருந்தாலும் அங்கே 5 வந்திராது. கேரளத்துக் கணிதர் மாதவரின் வழிவந்தவர்கள் ஒன்று, அதிலிருந்து மூன்றிலொன்று கழி, ஐந்திலொன்று கூட்டு, ஏழிலொன்று கழி என்று முடிவில்லாமல் போனால் பையின் (π) காற்பங்கு வரும் என்று எழுதி வைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் லைப்னிற்ஸ் ஐரோப்பாவில் இருந்து தன் பாட்டில் அதே தொடருக்கு வந்து சேர்ந்தார். மொழி வேறு, முறை வேறு, தேவையும் வேறு. வெறும் கற்பனை என்றால் இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

நான் மின்வலையமைப்பில் வேலை செய்கிறவன். 1893இல் மின்பொறியியலாளர் ஸ்ரைன்மெற்ஸ் காட்டிய வழியில் ஆடலோட்டத்தை (AC மின்னோட்டம்) சிக்கலெண்ணால்தான் கணக்கிடுகிறோம். அது வசதிக்காக, சைன் கோசைனை வைத்து மாரடித்தாலும் அதே விடை வரும், அதனால் அதை என் பக்கச் சாட்சியாகக் கொண்டுவரமாட்டேன். 1926இல் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் அணுவின் உள்ளே நடப்பதைச் சொல்ல எழுதிய சமன்பாடு வேறு விஷயம், அதில் சய ஒன்றின் வர்க்கமூலம் நடுவிலேயே இருக்கிறது. அவருக்கே அது பிடிக்கவில்லை என்று இன்னோர் இயற்பியலாளரான லோரன்ஸுக்குக் கடிதம் எழுதினார். பிடிக்காவிட்டாலும், இலத்திரன் நடந்துகொள்ளும் விதத்தைச் சரியாகச் சொன்னது அந்தச் சமன்பாடுதான்.

மெல்பேர்ன்காரனிடம் இதற்கும் ஒரு பதில் இருக்கிறது, ஒரு சிக்கலெண்ணை இரண்டு மெய்யெண்களாகப் பிரித்து எழுதலாமே என்பான். பிரித்தாலும் அந்த இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் விதம் மாறாதே என்பது என் கேள்வி. அடுத்த மலருக்கு அவனையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.