வெயிட்டிங் சார்ஜ்: ஏற்காட்டில் நான்கு நாள்

நேற்று ராத்திரிதான் திருச்சி வந்து சேர்ந்தேன். பையை இன்னும் பிரிக்கவில்லை, ட்ரைபாட் காலில் கிளியூர் அருவி மண் அப்படியே ஒட்டியிருக்கிறது. ஏற்காடு போகிறேன் என்றதும் பஸ், ரூம், சாப்பாடு, செலவு எல்லாவற்றையும் வரிசையாக எழுதச் சொல்லி நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். ஆனால் அந்த டாக்சிக்காரர் விஷயத்தை முதலில் கொட்டிவிட்டால்தான் மற்றதெல்லாம் எழுத வரும்.

நான் போனது வேலைக்கு. ஒரு தங்கும் விடுதிக்கு இரண்டு நாள் படம் எடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சைக்கிள் குழுவோடு. விடுதி அனுப்பிய பட்டியலில் முதல் படமே ‘பள்ளத்தாக்கில் மூடுபனி, மேலே சூரிய உதயம்’. லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனை அதற்கு உதவாது. அது அந்திக்கும், இருட்டிய பிறகு கீழே தெரியும் சேலத்து விளக்குகளுக்கும்தான் சரி. உதயத்துக்குப் பகோடா பாயிண்ட் போகவேண்டும். ஏரியிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் இருக்கும். விடியற்காலை நாலரைக்கு எந்த பஸ் வரும்? பன்னிரண்டு கிலோ சாமானை முதுகில் போட்டுக்கொண்டு இருட்டில் நடக்கலாம் என்றால், எஸ்டேட் ஓரங்களில் காட்டெருமை மேயும் ஊர் அது. அதனால் டாக்சி. போக வர 1,200 ரூபாய் என்று பேசியாயிற்று.

ஐந்து மணிக்கு இறங்கினோம். பனி என்றால் அப்படி ஒரு பனி. அந்த இடத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கூம்புக் கற்குவியல்களே பத்தடி தள்ளி நின்றால் தெரியவில்லை. லென்ஸைத் துடைக்கத் துடைக்க மறுபடி பூத்துக்கொண்டே இருந்தது. ஏழு மணி வரை நின்றேன். ஒரு படம் தேறவில்லை. திரும்பி வந்து பணத்தை நீட்டினால், “1,800 குடுங்க சார்” என்கிறார்.

“1,200 தானே பேசினோம்?”

“அது போக வர சார். ரெண்டு மணி நேரம் நின்னிருக்கேன்ல? மணிக்கு முந்நூறு, வெயிட்டிங் சார்ஜ்.”

உதயம் பார்க்கப் போகிறவன் இறங்கிய கையோடு திரும்புவானா? காத்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? ஏறும்போதே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கால் மணி நேரம் வாக்குவாதம் பண்ணிப் பார்த்துவிட்டு, கொடுத்துவிட்டு வந்தேன். ஏற்காட்டில் வண்டி பிடிக்கிறவர்கள் நிற்கும் நேரத்துக்கும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசிக்கொள்ளுங்கள். அடுத்த நாள் வேறொருவரிடம் அப்படித்தான் 1,500க்குப் பேசினேன். அன்றைக்கு வானம் மூடிக்கொண்டு சூரியனே வரவில்லை. விடுதிக்காரர்கள் காசு கொடுத்த இரண்டு நாளும் அதோடு முடிந்தது.

மூன்றாவது நாள் என் கைக்காசில் இருந்தேன். ரூமுக்கு 1,400, வண்டிக்கு மறுபடி 1,500. ஆனால் அந்தக் காலையை எப்படிச் சொல்வது! ஆறு மணிக்கு மேல் பனி மெல்லக் கீழே இறங்கியது. அயோத்தியாப்பட்டணம் பக்கத்துச் சமவெளி முழுக்கப் பால் காய்ச்சி ஊற்றியமாதிரி நிறைந்து கிடந்தது. சின்னக் குன்றுகளின் தலை மட்டும் அதில் மிதந்தது. பிறகு சூரியன் பக்கவாட்டில் பட்டு, பனியின் மேல்பரப்பு அலை அலையாகச் சிவந்தது. வெள்ளையைக் கண்டால் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஏமாந்து எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், ஏற்றி வைத்துக்கொண்டேன். பதினோரு நிமிஷம்தான். அப்புறம் எல்லாம் கலைந்து வெறும் வெயில். முப்பத்திரண்டு படம் எடுத்தேன். அதில் ஒன்று இந்த வருஷம் நான் எடுத்ததிலேயே சிறந்தது. இதைக் கூச்சமில்லாமல் சொல்வேன்.

படத்தைப் பார்த்து விடுதி மேலாளர் குதித்தார். மூன்றாவது நாளுக்குக் காசு கேட்டதும் முகம் மாறிவிட்டது. “எடுத்தது ஒரு காலைதானே?” என்கிறார். எனக்கு அந்த டாக்சிக்காரர் ஞாபகம் வந்துவிட்டது. அவர் கேட்ட முறை தப்பு, கேட்ட விஷயம் தப்பில்லை. நின்ற நேரம் அவருடைய வேலைநேரம். எனக்கும் அப்படித்தானே? எங்கள் தொழிலில் படம் எடுப்பது நிமிஷக் கணக்கு. மிச்சமெல்லாம் மழை விட, பனி இறங்க, வெளிச்சம் திரும்பக் காத்திருப்பதுதான். அதை வேலையாகவே யாரும் எண்ணுவதில்லை.

இன்னொன்றும் இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17வது பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு முதல் உரிமையாளர் அவர்தான், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரைக்கும். அதாவது எழுதிக்கொள்ளாமல் போனால் நம் படம் நம்முடையது இல்லை. நான் எழுதிக்கொண்டுதான் போயிருந்தேன். இல்லையென்றால் அந்த உதயமும் போயிருக்கும்.

பட்டியலில் ‘காப்பித் தோட்டத்துப் பெண்’ என்றும் ஒரு படம் கேட்டிருந்தார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்து வைத்த மலை இது. இப்போது சில்வர் ஓக் நிழலில், அதன் மேல் மிளகுக்கொடி ஏறியிருக்க, கீழே காப்பிச் செடி. முதல் பறிப்பு தொடங்கியிருந்தது. ஒரு அம்மாவிடம் அனுமதி கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, இடுப்பில் சாக்கு. கொத்தில் சிவந்த பழத்தை மட்டும் விரல் தேடிப் பிடித்துத் திருகி எடுக்கிறது, பச்சைக்காய் அசையவில்லை. “காம்பு பிஞ்சா அடுத்த வருசம் அந்த எடத்துல காய்க்காது கண்ணு” என்றார். உள்ளங்கையெல்லாம் பழப் பிசின் கறுத்து, ரேகைகள் மை தொட்டதுபோல் தெரிந்தன. நான் எடுத்தது அந்தக் கையைத்தான்.

விடுதிக்காரருக்கு அது பிடிக்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு, பூ வைத்துச் சிரிக்கச் சொல்லி எடுக்கவேண்டுமாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். முள்ளும் பூச்சியும் கிழிக்காமல் இருக்க அவர் போட்டிருக்கும் சட்டை அது. அதைக் கழற்றினால் அவர் வேலை செய்கிறவர் இல்லை, வேஷம் போட்டவர். படத்தை அந்த அம்மாவுக்கு போனில் காட்டினேன். “மூஞ்சி இல்லாட்டியும் என் கைன்னு எம்பொண்ணுக்குத் தெரியும்” என்றார். பிரிண்ட் போட்டு எஸ்டேட் முகவரிக்கு இந்த வாரமே அனுப்புகிறேன்.

கிளியூர் அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது. ஏரி நிரம்பி வழிவதுதான் அங்கே போய் 300 அடி கீழே விழுகிறது, அதனால் மழைக்குப் பிறகு போங்கள். பாறையெல்லாம் பாசி, செருப்போடு இறங்காதீர்கள்.

ஞாயிறு சைக்கிள் குழு தங்கமான பிள்ளைகள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசமே 1,200 மீட்டர் இருக்கும். வளைவின் உள்பக்கம் உட்கார்ந்து, ஷட்டர் வேகத்தை வினாடியில் முப்பதில் ஒரு பங்காகக் குறைத்து, வண்டியோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பி எடுத்தேன். முகம் மட்டும் தெளிந்து, மலை முழுக்கக் கோடாக ஓடியது. பேசிய பணத்தைக் கேட்காமலே அன்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள்.

இறங்கும் பஸ்ஸில் கடைசி சீட், முட்டி முன்சீட்டில் இடிக்க, கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவின் நுழைவாயில் வளைவைத் தாண்டும்போது மட்டும் எட்டிப் பார்த்தேன். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956ல் அந்த ஸ்டூடியோவிலிருந்து வந்தது. இப்போது வளைவு மட்டும் நிற்கிறது.

சேலத்தில் இறங்கி நேராகத் தள்ளுவண்டிக்குப் போனேன். தட்டுவடை செட் சாப்பிடாமல் சேலத்தைவிட்டுக் கிளம்பக் கூடாது. சின்னத் தட்டுவடை ஒன்று, அதன்மேல் காரச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், புதினாச் சட்னி, மேலே இன்னொரு தட்டுவடை. முழுசாக வாயில் போடவேண்டும். கடித்துச் சாப்பிட்டால் பாதி சட்டையில். இரண்டு செட், அப்புறம் தட்டுவடையை நொறுக்கிக் கலந்து தரும் நொறுக்கல் ஒன்று, அப்புறம் இன்னொரு செட். நான்கு நாளில் கொடுத்த காசுக்கு மேல் கிடைத்தது இந்த வண்டியில்தான்.

சரி, செலவு. மூன்று காலை டாக்சிக்கு 4,800, விடுதி கொடுத்த பயணப்படி 3,000. மூன்றாம் நாள் ரூமையும் சேர்த்தால் 3,200 கையைக் கடித்தது. அடுத்த வேலைக்கான கொட்டேஷனை இன்று காலை அனுப்பினேன். ‘வானிலைக்காகக் காத்திருக்கும் நாள்: பாதிச் சம்பளம், தங்கும் செலவு தனி’ என்று ஒரு வரி புதிதாகச் சேர்த்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.