ஒரு லேசர், மூன்று வாயுக்கள், ஒரு குழாய்

பழக்கிடங்குகளின் காற்றை அளக்கும் கருவிகளோடுதான் என் வேலை. ஆப்பிள் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். அது அறையில் சேரச் சேரப் பழுப்பதும் வேகமெடுக்கும். பழங்கள் சுவாசிப்பதால் கார்பன் டை ஆக்சைடும் கூடும். குளிரூட்டும் இயந்திரத்தில் அம்மோனியா ஓடினால் அதன் கசிவையும் கவனித்தாக வேண்டும். வாயுவுக்கு ஒரு கருவி என்று வாங்கி அடுக்காமல் ஒரே லேசரால் மூன்றையும் பார்க்க முடிவதில் எனக்கு இன்றும் அலுக்காத மகிழ்ச்சி.

மூன்று வாயுக்களும் உறிஞ்சும் ஒளியின் அலைநீளங்கள் அக்கம்பக்கத்தில் இருப்பதால்தான் இது சாத்தியம். கண்ணுக்குத் தெரியாத நடு அகச்சிவப்பு ஒளியில் 10.53 மைக்ரோமீட்டர் அருகே எத்திலீன் வலுவாக உறிஞ்சுகிறது, 10.34 அருகே அம்மோனியா. இப்படி உறிஞ்சும் இடங்களைக் கோடுகள் என்போம். இடையிடையே கார்பன் டை ஆக்சைடின் மெலிந்த கோடுகள். கிடங்கில் அந்த வாயு மிகுந்திருப்பதால் அவையும் தெளிவாகத் தெரியும். இதற்கு நாங்கள் பயன்படுத்துவது, 1994-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த குவாண்டம் கேஸ்கேட் லேசர் என்ற குறைக்கடத்தி லேசர். அது முதலில் கடுங்குளிரில்தான் இயங்கியது. இன்று அது மேசைமேல் அறை வெப்பநிலையிலேயே இயங்குகிறது. அதன் எதிரே உள்ள கிரேட்டிங்கை, அதாவது அலைநீளத்தைத் தேர்ந்தெடுக்கும் நுண்கோட்டுத் தகட்டை, இம்மி இம்மியாகத் திருப்பினால் அலைநீளம் நகரும்.

சோதனைக்காக சிலிண்டரைத் திறந்தால் எத்திலீனின் கோடு திரையில் சட்டென்று எழுந்து நிலைத்துவிடும். அம்மோனியா அப்படியல்ல. மெல்ல மெல்ல ஏறும். சிலிண்டரை மூடிய பிறகும் இறங்க மறுக்கும். எண்ணெய்ப் பாத்திரத்துப் பிசுக்குப்போல அது காற்றைக் கருவிக்குக் கொண்டுவரும் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுபடுகிறது. ஈரம் இருந்தால் இன்னும் பாடு. லேசர் எவ்வளவு வேகமாகத் தாவினாலும், வாயு வந்து சேர்ந்தால்தானே அளக்க முடியும்?

கருவி வாங்க வருபவர்கள் லேசரின் அலைநீளம் எவ்வளவு அகலத்துக்கு நகரும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். குழாய் எதனால் ஆனது, எவ்வளவு நீளம் என்று ஒருவர் கேட்டால் என் மனம் நிறைந்துவிடுகிறது. நான் டெஃப்லான் குழாயையே விரும்புகிறேன். முடிந்தவரை குட்டையாக, மேலே வெப்பநாடா சுற்றி. கருவிக்குள் வாயுவை அளக்கும் சிற்றறையின் அழுத்தத்தைக் குறைத்தால் கோடுகளின் அகலம் குறைந்து ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியே தெரியும்; கார்பன் டை ஆக்சைடின் கோடுகளைப் பிரித்தறிவதும் எளிதாகும். எத்திலீனுக்கு அளவு நிலைபெற்ற பிறகே எண்ணைக் குறித்துக்கொள்வோம். அம்மோனியாக் கசிவுக்கு அதுவரை காத்திருக்க முடியாது. கோடு ஏறும் வேகத்தை வைத்தே எச்சரிக்கை மணியை ஒலிக்க விடுகிறோம்.