ஒரே பறவை, இரண்டு அரசர்கள்

என் நாணயப் பெட்டியில் கம்போடியாவுக்கென்று ஒரு தட்டை ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதில் ஆறே ஆறு அலுமினியக் காசுகள்: 1953ஆம் ஆண்டின் மூன்று, 1959ஆம் ஆண்டின் மூன்று. மற்ற தட்டுகளில் வெள்ளியும் செம்பும் இருந்தும், அடிக்கடி வெளியே எடுப்பது இதைத்தான்.

1953ஆம் ஆண்டின் மூன்றில் சிறியது 10 சென்டிம். கம்போடியப் பணமான ரியேலின் சில்லறை அலகுதான் சென்டிம். 23 மில்லிமீட்டர் அகலம், ஒன்றரை கிராம்கூடத் தேறாது. விரலில் வைத்தால் இருப்பதே தெரியாது. ஆனால் அதில் இடப்பக்கம் பார்த்து நிற்கும் பறவையை உருப்பெருக்கியில் பாருங்கள். கோயில் சிற்பத்திலிருந்து இறங்கி வந்ததுபோல ஒரு நிமிர்வு. 20 சென்டிமில் சடங்குப் பாத்திரம். 31 மில்லிமீட்டர் அகலமுள்ள 50 சென்டிமில் அரச முத்திரை.

இவை பாரிஸ் நாணயச் சாலையில் அச்சானவை. அதே காலத்தில் லாவோஸுக்கும் வியட்நாமுக்கும் அலுமினியக் காசுகள் வந்தன. 1952ஆம் ஆண்டின் லாவோஸ் காசுக்கு நடுவில் துளை உண்டு. 1953ஆம் ஆண்டின் வியட்நாம் காசில் மூன்று பெண்களின் முகங்கள். பிரெஞ்சு ஆட்சியில் இந்தோசீனா என்று ஒரே பெயரில் கட்டிவைக்கப்பட்டிருந்த மூன்று நாடுகள் தனித்தனியாகப் பிரிவதை இந்த உலோகத்திலேயே பார்க்கலாம்.

கம்போடியா விடுதலை பெற்றது 1953 நவம்பர் 9 அன்று. அப்போது அரசர் நோரோதம் சிஹானூக். 1955இல் அவர் முடிதுறந்து தந்தை சுராமரித்தை அரியணையில் அமர்த்தினார். 1959ஆம் ஆண்டின் காசுகள் தந்தையின் ஆட்சியில் வந்தவை. அரசர் மாறினார், பறவை மாறவில்லை. பாத்திரமும் முத்திரையும் அப்படியே. மகன், தந்தை இருவர் முகமும் காசில் இல்லை. மாறியது மதிப்பைச் சொல்லும் சொல் மட்டும்: சென்டிம் போய் சென் வந்தது. சென்டிம் என்ற பிரெஞ்சுச் சொல் காசிலிருந்து இறங்க, விடுதலைக்குப் பிறகும் ஆறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இந்த ஒரு சொல்லுக்காகவே இரண்டு ஆண்டுகளின் காசுகளையும் ஜோடி ஜோடியாக வைத்திருக்கிறேன்.

கம்போடிய மொழியின் கெமர் எழுத்தைப் பார்க்கும்போது எனக்கு இன்னொரு மகிழ்ச்சியும் உண்டு. அது பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது. வாசிக்கத் தெரியாவிட்டாலும் அந்த வளைவுகள் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

அலுமினியம் மென்மையான உலோகம். ஒன்றோடொன்று உரசினாலே கீறல் விழும். அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் வையுங்கள். பிவிசி உறை மட்டும் வேண்டாம், நாளடைவில் அது காசைக் கெடுத்துவிடும். சோடா மாவு, சோப்பு, பாலிஷ் எதையும் அருகில் கொண்டுபோகாதீர்கள். காரம் அலுமினியத்தை அரிக்கும். தொடக்க காலத்தில் இது தெரியாமல் ஒரு 20 சென்டிம் காசைச் சோடா மாவுக் குழம்பில் தேய்த்தேன். பளபளக்கும் என்று நம்பினேன். கழுவி எடுத்தபோது பாத்திரத்தின் நுண்ணிய வேலைப்பாடு மங்கி, காசு முழுவதும் சாம்பல் நிறமாகிவிட்டது. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இந்தக் காசுகளின் நாட்டில் 1975இல் ஆட்சியைப் பிடித்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் பணம் என்பதையே ஒழித்தது. தேசிய வங்கிக் கட்டடமும் தகர்க்கப்பட்டது. ரியேல் திரும்பி வந்தது 1980இல்தான். அந்த ஆண்டுகளைப் பற்றி வாசித்த பிறகு, தேய்ந்த 10 சென் காசு ஒன்று கிடைத்தால்கூட மறுப்பதில்லை. யாரோ ஒருவர் அதைக் கொடுத்துச் சந்தையில் எதையோ வாங்கியிருக்கிறார். அந்தத் தேய்மானம் எனக்குப் புதுக்காசின் பளபளப்பைவிடப் பெரிது.

சாம்பல் நிறமான அந்த 20 சென்டிம் இன்னும் தட்டில்தான் இருக்கிறது. யாரும் கழுவாத ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தாலும் பழையதை எடுக்கப்போவதில்லை. பக்கத்தில் ஏழாவதாக ஓர் இடம் ஒதுக்கிவிட்டேன்.