இரவு இரண்டு மணி ரத்தம்

மெலடோனின் என்பது மூளையில் இருக்கும் பீனியல் சுரப்பி இரவில் சுரக்கும் ஹார்மோன். அது நோய் எதிர்ப்பையும் புற்றுநோயையும் எப்படிப் பாதிக்கிறது என்ற ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்களின் நோட்டுப்புத்தகத்தில் முதலில் பார்க்க வேண்டியது மாதிரி எடுத்த நேரம். ‘இரவு’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. மணி, நிமிடம், அறையில் இருந்த வெளிச்சம், அந்த நபர் முந்தின நாள் எத்தனை மணிக்குப் படுத்தார் என்பதெல்லாம் வேண்டும். ஒரே ஆளின் ரத்தத்தில் பகல் இரண்டு மணிக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 10 பிகோகிராமுக்கும் (பிகோகிராம் என்பது கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) குறைவாக இருக்கும் மெலடோனின், இரவு இரண்டு மணிக்கு 60, 70 என்று ஏறி நிற்கும். சிலருக்கு 100ஐயும் தொடும்.

இந்த இரவு ரத்தத்தை எடுப்பதே தனி வேலை. நரம்பு தெரியவில்லை என்று விளக்கைப் போட்டால் காரியம் கெட்டுவிடும். விழித்திரை அந்த வெளிச்சத்தை மூளைக்குச் சொல்ல, பீனியல் சுரப்பி உற்பத்தியை நிறுத்திவிடும். ரத்தத்தில் ஏற்கெனவே இருப்பதும் முக்கால் மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால் மாலையிலேயே கையில் கேனுலா என்ற மெல்லிய குழாயைப் பொருத்திவிட வேண்டும். இரவில் மங்கிய சிவப்பு விளக்கு மட்டும். மெலடோனினை நிறுத்தும் விஷயத்தில் கண் மிக அதிகமாக எதிர்வினை காட்டுவது நீல ஒளிக்கு, சுமார் 480 நானோமீட்டருக்கு. செல்பேசித் திரையும் அந்த அறைக்குள் ஆகாது.

ரத்தம் கிடைத்ததும் அடுத்த சறுக்கல் காத்திருக்கும். வெள்ளணுக்களைப் பிரித்து, கே562 புற்றுசெல்களோடு நான்கு மணி நேரம் வைத்து, புற்றுசெல்களைத் தாக்கும் வெள்ளணு வகையான இயற்கைக் கொல்லி செல்கள் எத்தனை செல்களைக் கொன்றன என்று பார்க்கிறோம். பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் வந்தால் அது மெலடோனினின் வேலை என்று எழுதத் தோன்றும். பொறுக்க வேண்டும். இரவில் கார்டிசால் என்ற ஹார்மோன் இறங்குகிறது, ரத்தத்தில் இன்னொரு வெள்ளணு வகையான டி செல்கள் கூடுகின்றன. ஆகவே அதே ஒரு லட்சம் வெள்ளணுக்களில் கொல்லி செல்களின் பங்கு பகலில் ஒன்று, இரவில் வேறொன்று. செல்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் அவற்றைத் தனியாக எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு ஏற்பப் புற்றுசெல்களோடு அவற்றுக்குள்ள விகிதத்தைச் சரிசெய்யாமல் திறன் கூடியது, குறைந்தது என்று பேசக் கூடாது.

என்னைக் கேட்டால், இந்தத் துறையில் மிக அதிகக் குழப்பம் விளைவிப்பது அளவுதான். மெலடோனினின் மூலக்கூறு எடை 232. அதாவது கரைசலின் செறிவைச் சொல்லும் அலகில் 1 நானோமோலார் என்பது மில்லிலிட்டருக்கு 232 பிகோகிராம். இரவு ரத்தத்தில் இருப்பது கால் முதல் அரை நானோமோலாருக்குள். செல் வளர்ப்புத் தட்டில் பல ஆய்வுகள் விடுவதோ 1 மில்லிமோலார். இருபது முதல் நாற்பது லட்சம் மடங்கு! அங்கே புற்றுசெல் செத்தால் அது ஒரு வேதிப்பொருளின் குணம். பீனியல் சுரப்பி இரவில் செய்யும் வேலைக்கு அது சாட்சியாகாது.

கூடவே கரைப்பான் சிக்கலும் வரும். மெலடோனின் தண்ணீரில் சரியாகக் கரையாது. 23.2 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் 100 மில்லிமோலார். அதிலிருந்து தட்டில் 1 மில்லிமோலார் வேண்டுமென்றால் கூடவே ஒரு சதவீத டிஎம்எஸ்ஓவும் போய்ச் சேரும். அது மட்டுமே போதும், டி செல்கள் தளர்ந்துபோக. கரைப்பானை 0.1 சதவீதத்துக்கு மேல் விடாமல், மருந்து இல்லாத குழிகளுக்கும் அதே அளவு ஊற்ற வேண்டும். செல்கள் மெலடோனினை உணரும் எம்டி1, எம்டி2 ஏற்பிகளை அடைக்கும் லூசிண்டோல் சேர்த்த குழிகளும் இருக்க வேண்டும். லூசிண்டோல் போட்டும் விளைவு மாறவில்லை என்றால் அது அந்த ஏற்பிகள் வழியாக வந்ததல்ல.

எலி வாங்கும்போதும் கவனம் தேவை. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் சி57பிஎல்/6, பால்ப்/சி என்ற எலி வகைகள் இரண்டுக்குமே மெலடோனினைத் தயாரிக்கும் நொதியில் மரபுக் குறை உண்டு. இரவில் குறிப்பிடும்படி சுரக்காது. பி16 மெலனோமாவும் 4டி1 மார்பகக் கட்டியும் வளர்க்கப்படுவது இவற்றில்தான். சி3எச் வகைக்குச் சுரக்கும். ஆனால் அதில் பெரும்பாலானவற்றுக்கு விழித்திரைச் சிதைவு உண்டு. குடிநீரில் கலந்து கொடுப்பது நல்ல வழி, எலி இரவில்தான் அதிகம் குடிக்கும். புட்டியை அலுமினியத் தாளில் சுற்றி, அடிக்கடி புதிதாகக் கலந்து வையுங்கள். பகலில் ஊசி போட்டால் அதன் கடிகாரத்துக்கு எதிராகக் கொடுத்ததாகும்.

நோய் எதிர்ப்பு அமைப்பின் மீது மெலடோனினின் விளைவு ஒரே திசையில் போவதில்லை. சோர்ந்திருக்கும் செல்களில் எதிர்ப்பைத் தூண்டும் புரதங்களான இன்டர்லியூகின்-2, இன்டர்ஃபெரான்-காமா கூடுவதாகப் பல ஆய்வகங்கள் கண்டிருக்கின்றன. அழற்சி கொதிக்கும் இடத்தில் அதே மெலடோனின் அழற்சியைத் தூண்டும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தை அடக்குகிறது. ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்ற ஒரு வரி அதனால்தான் உறுத்துகிறது. 2005இல் வந்த ஒரு புகழ்பெற்ற சோதனையில், பெண்களின் இரவு ரத்தம் பாய்ச்சிய மனித மார்பகக் கட்டிகள் மெதுவாக வளர்ந்தன. பிரகாச வெளிச்சத்தில் இருந்த பிறகு எடுத்த ரத்தம் அப்படிச் செய்யவில்லை. அழகான சோதனை. ஆனால் அந்தக் கட்டிகள் இருந்தது, டி செல்கள் முதிரும் உறுப்பான தைமஸ் இல்லாத எலிகளில். டி செல்களின் பங்கை அதிலிருந்து எடுத்துக்காட்ட முடியாது.

இரவுப் பணியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்பு மிகுந்தவற்றுள், 2ஏ பிரிவில், சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் சேர்த்தது, 2019இல் உறுதியும் செய்தது. அதைப் படித்த நோயாளிகள் ‘மாத்திரை போட்டுக்கொள்ளலாமா’ என்று கேட்கிறார்கள். அவர்களிடம் 2021இல் வெளியான சோதனையைச் சொல்லியாக வேண்டும்: நுரையீரல் கட்டியை அறுவை செய்த 709 பேருக்கு ஓராண்டு இரவுதோறும் 20 மில்லிகிராம் மெலடோனின் அல்லது போலி மாத்திரை. இரண்டாண்டில் நோய் திரும்பாமல் இருந்தோர் விகிதத்தில் வேறுபாடு இல்லை.

அதன் பிறகும் தூக்கத்துக்காக எடுப்பதாக ஒருவர் சொன்னால், ஃப்ளூவோக்சமின் என்ற மனச்சோர்வு மருந்து சாப்பிடுகிறாரா, புகைப்பிடிக்கிறாரா, மாற்று உறுப்புக்காக எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து போகிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முதலாவது ரத்தத்தில் மெலடோனினைப் பல மடங்கு ஏற்றும், இரண்டாவது குறைக்கும். மூன்றாவதுக்கு ஆம் என்றால், சிகிச்சை தரும் மருத்துவரிடம் பேசும்வரை மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொல்ல வேண்டும்.