டம், ஹுட், ஷிப், நெஸ்: டியூஷன் நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்த கையோடு கைடும் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் பண்புப்பெயர் ஆக்கும் விகுதிகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். நெஸ், இட்டி, டம், ஹுட், ஷிப், மென்ட், அப்புறம் ஒரு 'த்'. எதிரே 'பொருள்' என்று கட்டம் போட்டு, எல்லாக் கட்டத்திலும் ஒரே பதில்: நிலை அல்லது தன்மை. எழுதியவருக்கு வேலை மிச்சம்.

இதை மனப்பாடம் செய்த பிள்ளைகள் 'சைல்ட்ஷிப்' என்றும் 'ஃப்ரெண்ட்ஹுட்' என்றும் எழுதுகிறார்கள். அந்த அட்டவணையை நம்பினால் இரண்டிலும் தப்பே கிடையாது. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள்: "அக்கா, எல்லாத்துக்கும் ஒரே அர்த்தம்னா எதுக்கு இத்தனை?"

சரியான கேள்வி. இவற்றில் சில, ஒரு காலத்தில் விகுதியே இல்லை. தனிச்சொல்லாகத் தெருவில் நடமாடியவை. அந்தப் பழைய குணம் இன்னும் விடவில்லை. மாலை வகுப்பில் சொல்லச் சொல்ல இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

டம்மில் தொடங்கினேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'டோம்' என்றால் தீர்ப்பு. ராஜா பிறப்பிக்கும் சட்டத்துக்கும் அதே பெயர். இன்றைக்கு 'டூம்' என்றால் கேடுகாலம் என்கிறோமே, அதுவும் இதே சொல்தான். உலகத்தின் கடைசி நாளில் வரப்போகும் தீர்ப்பின் பயம் ஏறி, அர்த்தம் அப்படித் திரும்பிவிட்டது.

நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம், யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை மாவு ஆலை என்று நாடு முழுக்கக் கணக்கெடுக்க வைத்தார். 1086இல் எடுத்த அந்தக் கணக்கு ஏட்டுக்கு ஜனங்கள் வைத்த பெயர் டூம்ஸ்டே புக். அதில் பதிந்ததற்கு மேல் அப்பீல் கிடையாது, கடைசி நாள் தீர்ப்பு மாதிரி.

ஆகவே கிங்டம் என்றால் ராஜா சொன்ன தீர்ப்பு செல்லுபடியாகும் எல்லை. ஃப்ரீடம், அடிமை அல்லாதவருக்குச் சட்டத்தில் உள்ள இடம். விஸ்டம், தீர்த்துச் சொல்லத் தெரிந்தவரிடம் இருப்பது. 19ஆம் நூற்றாண்டில் இதே விகுதியை வைத்து ஸ்டார்டம், போர்டம் எல்லாம் புழக்கத்துக்கு வந்தன. அப்புறம் ரசிகர் கூட்டத்துக்கு ஃபேன்டம். கொடி, மன்றம், தலைவர் என்று ஒரு குட்டி ராஜ்யமே நடக்கிற இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான விகுதி அமையாது.

ஜூன் 9, திங்கள்

ஹுட்டும் ஷிப்பும் ஒரே மாலையில் முடிந்தன.

தலையில் மாட்டுகிற ஹுட் வேறு, இது வேறு. பழைய ஆங்கிலத்தில் 'ஹாட்' என்றால் ஒருவரின் படிநிலை, அவர் எந்த வகை மனிதர் என்பது. அதனால்தான் நைட்ஹுட், ப்ரீஸ்ட்ஹுட், சைல்ட்ஹுட். ஒருவர் அந்தப் படியில் இருக்கிறார், அவ்வளவுதான். அங்கே இருந்துகொண்டு எப்படி நடந்துகொள்கிறார் என்பதை இந்த விகுதி சொல்லாது. அதைச் சொல்ல நெஸ் வேண்டும். சைல்ட்ஹுட் குழந்தைப் பருவம், சைல்டிஷ்னெஸ் குழந்தைத்தனம். முதலாவது எல்லோருக்கும் ஒருநாள் முடிந்துவிடும், இரண்டாவதுக்கு வயசே இல்லை என்றேன். ஒரு பையன் உடனே பக்கத்தில் இருந்தவனைக் கை காட்டினான்.

ஷிப் என்றதும் கப்பலா என்று கேட்டார்கள். இல்லை. உருவம் என்று பொருள்படும் 'ஷேப்'புக்குச் சொந்தக்காரச் சொல். ஒருவர் வகிக்கும் பதவி, இருவருக்கு நடுவில் உள்ள உறவு, கைவந்த திறமை, இந்த மூன்றிலும்தான் இது அதிகமாக உட்காரும்: கிங்ஷிப், ஃப்ரெண்ட்ஷிப், க்ராஃப்ட்ஸ்மன்ஷிப். ஹார்ட்ஷிப் இந்தக் கணக்கில் அடங்காது, அதைத் தனியே விட்டுவிட வேண்டியதுதான். ஸ்காலர்ஷிப்பை நம் ஊரில் பணமாக மட்டுமே தெரியும். கற்றறிந்தவரின் புலமைக்கும் அதே பெயர் என்றதும் யாருக்கும் பெரிய ஆர்வம் வரவில்லை. "பணம் எப்ப வரும்க்கா?" என்றுதான் கேட்டார்கள்.

வொர்ஷிப்புக்குள்ளும் ஒரு ஷிப் இருக்கிறது. முன்னால் இருப்பது 'வொர்த்', அதாவது மதிப்பு. மதிப்புக்குரிய நிலை என்பதுதான் முதல் பொருள், சாமி கும்பிடுவது பின்னால் வந்தது. இங்கிலாந்தில் மாஜிஸ்திரேட்டையும் மேயரையும் 'யுவர் வொர்ஷிப்' என்று அழைக்கும் வழக்கம் அந்த முதல் பொருளில்தான்.

ஜூன் 15, ஞாயிறு

எனக்கு ரொம்பப் பிடித்த விகுதி 'த்'. கைடில் இதற்கு ஒரே ஒரு உதாரணம்: வார்ம்த். விகுதி ஒட்டியதும் வார்த்தைக்குள் ஒன்றும் ஆகாத உதாரணமாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள். வேடிக்கையெல்லாம் மற்றவற்றில் இருக்கிறது.

லாங், லெங்த். ஸ்ட்ராங், ஸ்ட்ரெங்த். பிராட், பிரெட்த். ஏன் 'லாங்த்' ஆகவில்லை? இந்தத் 'த்'துக்கு முன்னால் ஆதியில் ஓர் இகரம் இருந்தது. வரப்போகிற இகரத்துக்கு வாய் முன்கூட்டியே தயாராகி, முன்னால் நிற்கும் உயிரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அப்புறம் இகரம் உதிர்ந்துபோனது, இழுபட்ட உயிர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ஃபுட் பன்மையில் ஃபீட் ஆவதற்கும் இதே காரணம்தான். தமிழ் மீடியத்திலிருந்து வந்த பையனுக்கு இது சட்டென்று பிடிபட்டது. பெருமையோடு ஊர் சேரும்போது 'மை' போய், முதல் எழுத்து நீண்டு 'பேரூர்' ஆவதை நன்னூல் 'ஆதி நீடல்' என்கிறது. நமக்கு விகுதி போனால் உயிர் மாறுகிறது, அவர்களுக்கு விகுதி வந்தால் மாறுகிறது.

இப்படி உருமாறியதால் சில சொற்களின் பூர்வீகமே மறைந்துவிட்டது. ஹெல்த் என்பது 'ஹோல்' பெற்ற பிள்ளை: முழுசாக, பழுதில்லாமல் இருப்பதுதான் ஆரோக்கியம். ஃபவுல் என்ற நாற்றத்திலிருந்து ஃபில்த். ஸ்லோவிலிருந்து ஸ்லாத், சோம்பல். டியர் என்றால் அன்பு மட்டுமில்லை, விலை அதிகம் என்றும் பொருள். அதிலிருந்து டெர்த், பற்றாக்குறை. தானியம் விலை ஏறிவிட்டது என்பதும் தானியம் கிடைக்கவில்லை என்பதும் ஏழைக்கு ஒன்றுதானே.

இந்த விகுதிக்கு உயிர் போய் ரொம்பக் காலம் ஆகிறது. புதுச்சொல்லில் ஒட்ட மறுக்கிறது. ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கிலப் பிரபு இதற்கு உயிர் கொடுத்துப் பார்த்தார். தேம்ஸ் கரையில் பழைய மடாலயங்களின் சாயலில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தவர், 1753இல் எழுதிய கடிதங்களில் தோட்டத்தின் பசுமையை 'கிரீன்த்' என்றார், மடாலயங்களின் இருண்ட அழகை 'குளூம்த்' என்றார். இரண்டும் அழகான சொற்கள் என்பது என் கட்சி. ஊர் எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 16, திங்கள்

நேற்று எழுதியதில் ஒன்று பாக்கி. அதே வால்போல் 1754 ஜனவரி 28ஆம் தேதி ஒரு கடிதத்தில் இன்னொரு சொல்லைச் செய்தார். தேடாத நல்லது தற்செயலாகக் கண்ணில் படுவதற்கு 'செரண்டிப்பிட்டி'. செரண்டிப் தேசத்து இளவரசர் மூவரைப் பற்றிய பழைய கதையிலிருந்து எடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அரபியரும் பாரசீகரும் இலங்கைக்கு வழங்கிய பெயர் அது. இலங்கையின் பெயரில் இட்டியை ஒட்டினார், உலகம் முழுக்கச் சுற்றுகிறது. ஒரே ஆள் செய்தவை, 'த்' பிழைக்கவில்லை, இட்டி பிழைத்தது.

ஜூன் 20, வெள்ளி

நெஸ்ஸா, இட்டியா? பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

நெஸ் உள்ளூர்க்காரன். எந்தப் பெயரடையோடும் சேரும், சேர்ந்த சொல்லை நோண்டாது: ரெட்னெஸ், கைண்ட்னெஸ், ஹேப்பினெஸ். இட்டி லத்தீனில் பிறந்து, வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த 1066க்குப் பிறகு நார்மன்காரர்களின் பிரெஞ்சு வழியாக உள்ளே வந்தது. பெரும்பாலும் தன் இனத்துச் சொற்களையே தேடிப் பிடிக்கும், பிடித்த சொல்லின் உச்சரிப்பையும் மாற்றிவிடும். டிவைன், டிவினிட்டி. க்யூரியஸ், க்யூரியாசிட்டி.

அப்படியானால் க்ளோரியஸிலிருந்து 'க்ளோரியாசிட்டி' ஏன் இல்லை? மார்க் அரோனாஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1976இல் இதற்கு ஒரு காரணம் சொன்னார். க்ளோரி என்று ஏற்கனவே ஒரு சொல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, அதனால் இன்னொன்றுக்கு இடமில்லை. க்யூரியஸுக்கு அப்படி யாரும் உட்காரவில்லை. ஆனால் க்ளோரியஸ்னெஸ் என்று தாராளமாகச் சொல்லலாம், நெஸ் எந்த நாற்காலிக்கும் போட்டி போடுவதில்லை.

பொருளிலும் வித்தியாசம் உண்டு. நெஸ் தன்மையோடு நின்றுவிடும். இட்டி நாளடைவில் இறுகிப் பொருளாகவோ ஆளாகவோ இடமாகவோ ஆகிவிடும். ஆட்னெஸ் விசித்திரத் தன்மை, ஆடிட்டி விசித்திரமான ஒரு சாமான். (ஆட் லத்தீன் சொல் இல்லை, வட ஐரோப்பாவின் வைகிங்குகளுடைய சொல். நான் மேலே சொன்னதை அது மதிக்கவில்லை.) இன்னும் நல்ல உதாரணம் நம் வாயிலேயே இருக்கிறது. கேஷுவல்னெஸ் என்றால் அலட்டிக்கொள்ளாமை. கேஷுவல்ட்டி முதலில் தற்செயல், பிறகு விபத்து, பிறகு விபத்தில் அடிபட்ட ஆள், கடைசியில் அந்த ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வார்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வாசலில் கேஷுவல்ட்டி எங்கே என்று கேட்டால் எல்லோரும் ஒரு கட்டடத்தைக் கை காட்டுவார்கள். ஒரு பண்புப்பெயருக்கு வழி கேட்கிறோம் என்று யாருக்கும் தோன்றாது.

ஜூன் 24, செவ்வாய்

மென்ட்டும் ஷன்னும் வினைச்சொல்லில் ஒட்டுபவை. செயலில் தொடங்கி, செய்கிறவர்களிலோ செய்து முடித்ததிலோ போய் நிற்கும். கவர்ன்மென்ட் என்றால் முதலில் ஆளுகை, பிறகு ஆளுகிறவர்கள். இதற்கு மேல் இவற்றில் எனக்குச் சுவாரசியம் இல்லை.

வகுப்பு முடிகிற நேரத்தில் முதல் நாள் கேள்வி கேட்ட பெண், கைடு அட்டவணையில் 'நிலை அல்லது தன்மை' எல்லாவற்றையும் அடித்துவிட்டுத் தன் கையெழுத்தில் எழுதியதைக் காட்டினாள். டம்முக்கு நேரே 'யாரோட ரூல்', ஹுட்டுக்கு நேரே 'எந்தப் படி', ஷிப்புக்கு நேரே 'யாருக்கும் யாருக்கும்'. கைடு போட்டவரைவிட நன்றாகவே செய்திருக்கிறாள்.

பிறகு அடுத்த கேள்வி. "பரீட்சைல கிங் போட்டு டேஷ் விட்டா டம் எழுதணுமா, ஷிப் எழுதணுமா அக்கா? ரெண்டும் கரெக்ட்தானே?"

இரண்டும் சரிதான், நாடு என்றால் டம், பதவி என்றால் ஷிப் என்றேன். வாக்கியம் கொடுக்காமல் வெறும் கிங் மட்டும் இருந்தால் டம் போடு, விடைக்குறிப்பில் அநேகமாக அதுதான் இருக்கும் என்றும் சொல்லி அனுப்பினேன்.