பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்க: செலியாக்குடன் செங்கோட்டையில்

இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டும் எனக்கு ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. வயிறு உப்பிக்கொண்டே இருக்கும், அடிக்கடி வயிற்றுப்போக்கு வேறு. அல்சர் என்று பல இடங்களில் மருந்து கொடுத்தார்கள். கடைசியில் திருவனந்தபுரத்தில் பார்த்த குடல் டாக்டர்தான் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, "எல்லா டெஸ்ட்டும் முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீங்க" என்று அழுத்திச் சொன்னார். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடுமாம். வீடியோ பார்த்துத் தாங்களாகவே சப்பாத்தியை விடுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். அப்புறம் எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலிலிருந்து சதை எடுத்துப் பார்த்து, செலியாக் என்ற குடல் நோய் என்று உறுதி செய்தார்கள்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் நம் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்குகிறது, சத்தை உறிஞ்சுகிற விரல் மாதிரியான நுண்ணிய நீட்சிகள் தட்டையாகிவிடுகின்றன. இரும்பு ஏறாததற்குக் காரணம் அதுதான். கோதுமை அலர்ஜி வேறு, இது வேறு. ஆயுள் முழுக்க குளூட்டனை விடுவதுதான் சிகிச்சை.

"நாம அரிசிச் சோறு சாப்பிடறவங்கதானே, என்ன கஷ்டம்" என்றார் அத்தை. பரோட்டா, ரவை, சேமியா எல்லாம் கண்ணுக்குத் தெரியும், விட்டுவிடலாம். பெருங்காயம்? கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கிறது. அப்படியென்றால் சாம்பார், ரசம், ஊறுகாய் எதையும் நம்ப முடியாது. இப்போது அரிசி மாவு சேர்த்த பெருங்காயம்தான் வாங்குகிறோம். பார்லி மால்ட் சேர்த்த சத்துபானமும் ஆகாது. அடுத்தது மாவு மில். நமக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால் மெஷினில் ஒட்டியிருப்பது நம் அரிசி மாவில்தான் வந்து சேரும். மில்லுக்கார அண்ணாச்சி நல்லவர்தான், ஆனால் இருப்பது ஒரே மெஷின், அவர் என்ன செய்வார்? அதனால் வீட்டிலேயே அரைத்துக்கொள்கிறோம்.

கேரளாவில் புனலூர்ப் பக்கம் போனால் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் எனக்குத் தைரியம், அதிலும் பெருங்காயம் போட்டார்களா என்று கேட்டுவிடுவேன். புட்டு கொஞ்சம் பார்க்க வேண்டும், அதே குழலில் கோதுமைப் புட்டும் அவிப்பார்கள். பழம்பொரிக்கு (நேந்திரம்பழ பஜ்ஜி) மைதா, அந்த எண்ணெயிலேயே சிப்ஸும் பொரித்தால் சிப்ஸும் வேண்டாம். பாக்கெட்டில் குளூட்டன் இல்லை என்று போட, நம் நாட்டு விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்.

ஹீமோகுளோபின் இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது. கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் தங்கச்சியின் ரத்தத்தையும் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம், அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, இருந்தாலும் பார்த்துவிட வேண்டும் என்றார் டாக்டர்.